மகளின் படங்களும் வீடியோக்களும் இருபது ஆண்டு கழித்தும் திறக்க வேண்டும் என்றால் என்ன செய்வது?

நீங்கள் மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள், மகளுக்கு ஒன்றரை வயது, 256 ஜிபி போன் நிரம்பிவிட்டது. "வீட்டில் ஒரு நாஸ் பெட்டி வாங்கிப் போடவா, கிளவுடுக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்கவா? அவள் இருபது வயதில் இதையெல்லாம் பார்க்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். (நாஸ் என்பது டிஸ்க்குகளை உள்ளே வைத்து, வீட்டு நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி.) எந்தப் பொருளை வாங்குவது என்ற கேள்விபோலத் தெரிந்தாலும் அதன் கனமெல்லாம் கடைசி வரியில்தான் இருக்கிறது. இன்னும் யாரும் தயாரிக்காத ஒரு கருவியில் இந்தக் கோப்புகளைத் தேடி எடுத்துத் திறக்கப் போகிறவர் நீங்களாகக்கூட இல்லாமல் போகலாம். இன்று வாங்கும் பெட்டி அதுவரை ஓடாது. இன்று கட்டும் சந்தா அதே விலையில், அதே விதிகளில் அதுவரை இருக்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

நான் பல வருடமாகத் தரவுச் சேமிப்பு, பேக்கப் சார்ந்த வேலையில் இருப்பவன். இரண்டு பிள்ளைகளின் அப்பா. என் பதில் இதுதான்: அசல் கோப்புகள் எந்த ஆப்பையும் நம்பியிராமல் சாதாரண ஃபோல்டர்களில் இருக்க வேண்டும். ஒரே காரணத்தால் சேர்ந்து அழியாத மூன்று இடங்களில் இருக்க வேண்டும். வீட்டில் உங்களைத் தவிர இன்னொருவருக்கும் அவற்றைத் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் நாஸா கிளவுடா என்பது வசதியைப் பொறுத்த விஷயம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியும் அந்தக் குறையை ஈடுகட்டாது.

முதலில் அளவைக் கணக்குப் போட்டுவிடுவோம், ஏனென்றால் பலர் பயப்படுவது அதற்குத்தான். ஐபோனின் அமைப்புப் பக்கமே சொல்கிற கணக்குப்படி, 4கே வீடியோ நொடிக்கு 30 பிரேமில், ஹெச்.இ.வி.சி. என்ற சுருக்க முறையில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. அதையே 60 பிரேமில் எடுத்தால் 400 எம்பி. 1080பி, 30 பிரேம் என்றால் 60 எம்பி. வாரம் பத்து நிமிடம் 4கே 30 பிரேமில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 1.7 ஜிபி, வருடத்துக்கு 88 ஜிபி, பதினெட்டு வருடத்துக்கு ஏறக்குறைய 1.6 டெராபைட். படங்கள் வாரத்துக்கு நூறு என்றாலும் இதோடு கால் டெராபைட்தான் சேரும். ஆக, ஒரு குழந்தைப் பருவம் முழுவதும் உள்ளங்கையில் அடங்கும் இரண்டு டெராபைட் டிஸ்க் ஒன்றில் கொள்ளும். உங்கள் சிக்கல் இடப்பற்றாக்குறை அல்ல. 60 பிரேமை மட்டும் இன்றே 30 ஆக மாற்றுங்கள். ஓடியாடும் குழந்தையை ஸ்லோ மோஷனில் பார்க்க வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால் அது வீண் எடை.

அடுத்தது, மென்பொருள்காரர்களே கோட்டைவிடும் இடம்: சிங்க் (எல்லாக் கருவியிலும் ஒன்றுபோல வைப்பது) வேறு, பேக்கப் (தனிப் பிரதி) வேறு. ஐகிளவுட் போட்டோஸ் ஆன் செய்திருந்தால் போனிலும் கிளவுடிலும் இருப்பது ஒரே நூலகம். போனில் ஒரு படத்தை நீக்கினால் எல்லாக் கருவியிலும் நீங்கும். 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியில் 30 நாள் இருந்துவிட்டுப் போய்விடும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை ஆப்புக்குள் நீக்கினால் குப்பைத் தொட்டியில் 60 நாள். 'இடத்தைக் காலி செய்' என்ற பொத்தான் போனில் இருக்கும் பிரதியை மட்டும் எடுக்கும்; பக்கத்திலேயே இருக்கும் 'நீக்கு' இரண்டு இடத்திலும் எடுத்துவிடும். ஒன்றரை வயதுக் குழந்தை கையில் போன் கிடைத்தால் எதை அழுத்தும் என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஐபோனில் 'சேமிப்பிடத்தைச் சிக்கனப்படுத்து' என்ற அமைப்பு ஆனில் இருந்தால் போனில் இருப்பவை பெரும்பாலும் சிறிய பிரதிகள்தான், அசல் கிளவுடில் இருக்கிறது. அந்த நிலையில் கேபிள் போட்டு லேப்டாப்புக்கு இறக்கினால் முழு நூலகமும் வந்து சேராது.

கிளவுடை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடு தீப்பிடித்தாலும் வெள்ளம் புகுந்தாலும் திருடு போனாலும் தப்பிக்கும் பிரதி அதுதான். ஆனால் அது மட்டுமே போதாது என்பதற்கு, நம்மைப் போன்ற அப்பாக்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு நிகழ்வு உண்டு. 2021 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, தன் சின்ன மகனின் பிறப்புறுப்புப் பகுதியில் வீக்கம் கண்டு, மருத்துவருக்கு அனுப்பப் படம் எடுத்தார். போன் அதைத் தானாகவே கூகுள் கணக்குக்கு ஏற்றியது. நிறுவனத்தின் தானியங்கிச் சோதனை அதைச் சிறார் வன்கொடுமைப் படம் என்று அடையாளமிட, கணக்கு மொத்தமும் முடக்கப்பட்டது. மின்னஞ்சல், தொடர்பு எண்கள், மகன் பிறந்த நாள் முதல் எடுத்த படங்கள், அவர்களிடமே வாங்கியிருந்த கைபேசி இணைப்பு எல்லாம் ஒரே நேரத்தில் போயின. காவல்துறை விசாரித்து அவர்மேல் குற்றமில்லை என்றது. கணக்கு திரும்பவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக வெளியிட்டது. இதிலிருந்து இரண்டு வேலை நமக்கு. மருத்துவருக்கான படங்களைத் தானியங்கி பேக்கப்பை நிறுத்திவிட்டு எடுங்கள், இல்லையேல் மருத்துவமனையின் சொந்த வழியில் நேரடியாக அனுப்புங்கள். மற்றது, ஒரு கணக்கின் ஆயுளோடு மகளின் குழந்தைப் பருவத்தைக் கட்டிவைக்காதீர்கள்.

சேவையின் விதிகளும் மாறும். கூகுள் போட்டோஸ் 2015இல் தொடங்கியபோது, சற்றுச் சுருக்கிய தரத்தில் அளவில்லாமல் இலவசம் என்றது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை புதிய படங்களுக்கு நின்றது. இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. குழந்தை பிறந்ததும் அதன் பேரில் ஒரு மின்னஞ்சல் கணக்கு திறந்து, வளர்ந்தபின் படிக்கட்டும் என்று கடிதமும் படமும் அனுப்பி வைக்கும் பெற்றோர் பலர் இருக்கிறார்கள். அழகான எண்ணம். ஆனால் அதற்குள் உள்நுழையாமலேயே வெறுமனே அனுப்பிக்கொண்டிருந்தால் அதைப் பயன்பாடாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மைஸ்பேஸ் தளம் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்களும் படங்களும் வீடியோக்களும் சர்வர் மாற்றத்தில் தொலைந்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய சமூக வலைத்தளம் அது.

இனி நாஸ். உங்களுக்கு அதில் ஆசை இருப்பது கேள்வியின் தொனியிலேயே தெரிகிறது, அந்த ஆசை எனக்கும் புரியும். இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு (இரண்டிலும் ஒரே தரவை எழுதும் அமைப்பு) கட்டினால் ஒரு டிஸ்க் போனாலும் மற்றது காப்பாற்றும். இது நிச்சயம். அது காப்பது ஒரு டிஸ்க் பழுதாவதிலிருந்து மட்டுமே என்பதும் அதே அளவு நிச்சயம். நீங்கள் தவறி அழித்தால் இரண்டிலும் அழியும், மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் கருகும், வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற ரேன்சம்வேர் இணையத்தில் திறந்திருந்த கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைக் குறிவைத்து வீட்டுப் படங்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதே வருடம் ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளை வைத்திருந்தவர்கள் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் எல்லாமே அழிந்திருந்தது. அந்த மாடலுக்கு 2015க்குப் பிறகு மென்பொருள் அப்டேட்டே வரவில்லை. நாஸ் வாங்குவது என்றால் அதற்கு ஒரு சிஸ்டம் அட்மினாக இருக்கச் சம்மதிப்பது. ஆபீஸில் ஆன்-கால் பார்த்துவிட்டு வந்து, குழந்தை தூங்கியபின் மிஞ்சும் அரைமணி நேரத்தை அதற்குக் கொடுக்க வேண்டிவரும். அப்டேட் போடுவதை எத்தனை வருடம் தொடர்வீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். வாங்கினால், வெளி இணையத்திலிருந்து நேரடியாக எட்டும்படி ஒருபோதும் திறந்து வைக்காதீர்கள்.

என் பரிந்துரை இதைவிட எளிமையானது. 3-2-1 என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பியது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில். அதை வீட்டுக்கு இறக்கினால் இப்படி வரும். கிளவுடில் ஒன்று. வீட்டில் ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்க்கில் ஒன்று. அதேபோல இன்னொரு டிஸ்க் உங்கள் அம்மா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ, போகும்போது எடுத்து வந்து புதுப்பித்துத் திரும்ப வைக்கிற மாதிரி. வீட்டில் இருப்பதை வேலை முடிந்ததும் பிடுங்கி வைத்துவிடுங்கள். எதோடும் இணைக்காத டிஸ்க்கை எந்த ரேன்சம்வேரும் தொட முடியாது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடலாக வாங்க வேண்டாம், ஒரே தொகுதியில் தயாரானவை ஒரே மாதிரிப் பழுதாகும் வாய்ப்பு உண்டு. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை, நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் புது டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

எஸ்.எஸ்.டி.யை அலமாரியில் வைத்து மறந்துவிடும் பிரதிக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் தரவு மின்னேற்றமாக நிற்கிறது, மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மெல்ல மெல்லக் கசியும். வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி.க்கு ஜெடெக் என்ற தொழில் அமைப்பின் தரநிலை கேட்பது, எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையில் 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமின்றி ஓராண்டு தாங்க வேண்டும் என்பது மட்டுமே. புதியது அதைவிட நெடுநாள் தாங்கும், ஆனால் எவ்வளவு நாள் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. பென் டிரைவும் மெமரி கார்டும் அதைவிட நம்பகம் குறைந்தவை. படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள், காத்துவைக்க வேண்டாம்.

பிரதி இருக்கிறது என்று நினைப்பதும், அதிலிருந்து திரும்ப எடுக்க முடியும் என்று தெரிந்திருப்பதும் வேறு வேறு. எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் நிகழ்வு இது. 1998இல் பிக்சார் நிறுவனத்தில், டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகளை யாரோ ஒரு கட்டளையில் தவறுதலாக அழிக்கத் தொடங்கினார்கள். திரையில் கதாபாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோதுதான் தெரிந்து நிறுத்தினார்கள். சரி, பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போனால், பேக்கப் பல வாரமாகச் சரியாகவே நடக்கவில்லை. சோதித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. படத்தைக் காப்பாற்றியது தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கணினி. அவர் அப்போது கைக்குழந்தைக்காரி. வீட்டிலிருந்தே வேலை பார்க்க வசதியாக ஒரு முழுப் பிரதியை வீட்டில் வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாக அலுவலகத்துக்குக் கொண்டு வந்தார்கள். அத்தனை பொறியாளர்கள் இருந்த இடத்திலேயே இப்படி நடந்தது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அம்மா வீட்டு டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, வெவ்வேறு வருடங்களிலிருந்து ஏதேனும் பத்துப் படம், இரண்டு வீடியோவைத் திறந்து கடைசி வரை ஓடவிட்டுப் பாருங்கள்.

கடைசி வரை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜேபெக் (.jpg) படத்தில் தரவு ஒன்றையடுத்து ஒன்றாகச் சங்கிலியாக அவிழ்கிறது. நடுவில் ஒரு பிட் புரண்டாலும் அதற்குமேல் உள்ள பாதி சரியாகத் தெரியும். கீழ்ப்பாதி பக்கவாட்டில் நகர்ந்து, நிறம் மாறி, சிலசமயம் வெறும் சாம்பல் பட்டையாகக் கிடக்கும். சிறு முன்னோட்டப் படம் கோப்புக்குள் தனியாக இருப்பதால் ஃபோல்டரைத் திறந்து பார்க்கும்போது எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். இது அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் நடந்தால் டிஸ்க் உங்களிடம் சொல்லாது, அந்தக் கெட்ட பிரதியே மற்ற இடங்களுக்கும் நகலாகும். நீங்கள் மென்பொருள்காரர் என்பதால் இதைச் சொல்கிறேன்: ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஷா-256 மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு ஒரு பட்டியலாக அதே ஃபோல்டரில் சேமித்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் கணக்கிட்டு ஒப்பிட்டால் எது மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும், நல்ல பிரதியிலிருந்து அந்த ஒன்றை மீட்கலாம். ரெஸ்டிக் போன்ற பேக்கப் கருவிகள் இந்தச் சரிபார்ப்பைத் தாங்களே செய்யும். ஆனால் அவை கோப்பைத் தங்கள் சொந்த வடிவில் மறையாக்கி வைக்கும். மென்பொருள் தெரியாதவர் டிஸ்க்கைத் திறந்தால் ஒரு படம்கூடத் தெரியாது. அதனால் வீட்டு டிஸ்க்கில் சாதாரண நகல்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி போதும்.

கோப்பு வடிவங்களைப் பற்றி ஒரு கவலை எழும்: இதெல்லாம் அப்போது திறக்குமா? தமிழில் தட்டச்சிட்டவர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல. 90களில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கடிதங்களை இன்று திறந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாகத் தெரியும். ஆனாலும் அவற்றில் பெரும்பாலானவற்றை மீட்க முடிகிறது, ஏனென்றால் எந்தக் குறி எந்த எழுத்து என்ற அட்டவணை பலரிடம் இருந்தது, யூனிகோடு மாற்றிகள் எழுதப்பட்டன. பரவலாகப் புழங்கி, விவரக்குறிப்பு வெளிப்படையாக இருக்கும் வடிவம் பிழைக்கும். அந்த அளவுகோலில் 1992இல் தரநிலையான ஜேபெக்கும், 2003இல் வந்த ஹெச்.264 வீடியோவும் மிகவும் பத்திரம். 2017இலிருந்து ஐபோன் எடுக்கும் ஹெச்.இ.ஐ.எஃப். படங்களும் ஹெச்.இ.வி.சி. வீடியோக்களும் காப்புரிமைச் சிக்கலால் எல்லா இடத்திலும் சீராகத் திறப்பதில்லை. ஆனால் அவற்றைப் பிரிக்கும் திறந்த மூல நிரல்கள் இருக்கின்றன, ஆகவே பெரும்பாலும் பிழைக்கும் என்று நினைக்கிறேன். ஜேபெக் பற்றிச் சொல்லும் அளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதற்காக எல்லாவற்றையும் இன்றே ஜேபெக்காக மாற்றி அசலை அழித்துவிடாதீர்கள், மாற்றும்போதெல்லாம் தரம் கொஞ்சம் போகும். அசல் அப்படியே இருக்கட்டும். மிகப் பிடித்தவற்றுக்கு மட்டும் கூடுதலாக ஒரு ஜேபெக் பிரதி போதும்.

கோப்பு பிழைத்தாலும் தேதி தொலைந்தால் பாதி அர்த்தம் போய்விடும். குழந்தைப் படத்தில் ஒரு மாத வித்தியாசம் பெரிய வித்தியாசம். தாத்தா தன் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பாருங்கள்: அளவு சுருங்கியிருக்கும், எக்சிஃப் என்ற உள்குறிப்பு முழுதும் உரிக்கப்பட்டிருக்கும், எடுத்த நேரமும் இடமும் இருக்காது. ஆண்ட்ராய்டில் கோப்புப் பெயரில் ஒரு தேதி தெரியும், ஆனால் அது வாட்ஸ்அப்பில் வந்த தேதி. தாத்தா மூன்று மாதம் கழித்து அனுப்பியிருந்தால், பேத்தி முதல் அடி வைத்த படம் அவள் ஓடியாடும் படங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிடும். படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லிக் கொடுங்கள், அப்போது அசல் அப்படியே வரும். இன்னும் நல்லது, நேரில் போகும்போது தாத்தா பாட்டி போன்களிலிருந்து நீங்களே இறக்கிக்கொள்வது. குழந்தையின் நல்ல படங்களில் பாதி உங்கள் போனில் இல்லை.

இன்னொரு நுணுக்கம், நிரல் எழுதி அடுக்கப் போகிற உங்களுக்காக. எக்சிஃப்பில் படத்தின் நேரம் உள்ளூர் நேரமாக, எந்த நேர மண்டலம் என்ற குறிப்பில்லாமல் இருப்பதே வெகுகாலம் வழக்கம். மண்டல வித்தியாசத்தைக் குறிக்கும் புலங்கள் 2016இல்தான் சேர்ந்தன. எம்பி4 வீடியோவின் நேரமோ யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் எழுதப்படுவது வழக்கம். இரண்டையும் ஒரே மாதிரிப் படித்துப் பெயர் மாற்றினால், மெழுகுவர்த்தி ஊதும் படம் ஒரு பக்கமும் அதே நொடியில் எடுத்த வீடியோ பல மணி நேரம் தள்ளியும் நிற்கும். எக்சிஃப்டூல் என்ற கருவி இதைச் சமாளிக்கும், ஆனால் நீங்கள் சொன்னால்தான். முதலில் நகலில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அசலைத் தொடுங்கள். கூகுள் டேக்அவுட் (கணக்கில் உள்ளதை மொத்தமாக இறக்கும் வசதி) வழியாக இறக்குவதானால், சில விவரங்கள் படத்துக்குள் இல்லாமல் பக்கத்தில் ஜேசன் என்ற உரைக் கோப்புகளாக வரும், அவற்றைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். அடுக்குவதற்கு வருடம், அதற்குள் மாதம் என்ற இரண்டு நிலை போதும். ஒவ்வொரு மாத ஃபோல்டரிலும் 'குறிப்பு' என்று ஒரு சாதாரண உரைக் கோப்பு, யூனிகோடில் நாலு வரி: யார் வந்தார்கள், அவள் என்ன புதிதாகச் சொன்னாள், எந்தப் பாட்டுக்குத் தூங்கினாள். முகத்தை அடையாளம் காண மென்பொருள் வரும். அந்த நாள் ஏன் எடுத்தீர்கள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

குரலை மறந்துவிடாதீர்கள், எனக்கு இது எல்லாவற்றையும்விட முக்கியம். ஐபோனின் லைவ் போட்டோவில் படம் எடுப்பதற்கு ஒன்றரை நொடி முன்னும் பின்னும் அசைவும் ஒலியும் பதிவாகிறது. அது கோப்பாக வெளிவரும்போது படம் ஒன்று, சிறு வீடியோ ஒன்று என இரண்டாக இருக்கும். 'ஜேபெக்காக ஏற்றுமதி' செய்தாலோ, யாருக்காவது சாதாரணப் படமாக அனுப்பினாலோ படம் மட்டும் போகும், அந்த மூன்று நொடிச் சிரிப்பு அங்கேயே விடுபடும். நகலெடுத்தபின் ஒரு லைவ் போட்டோவைத் தேடி அதன் ஜோடி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகள் பேசத் தொடங்கும் வயது வந்துவிட்டது. மாதம் ஒருமுறை, அவள் விளையாடிக்கொண்டு தானாகப் பேசும்போது போனைத் தரையில் வைத்து ஐந்து நிமிடம் ஒலியை மட்டும் பதியுங்கள். சில எம்பிதான் ஆகும். கேமராவைக் கண்டால் குழந்தை பேச்சை நிறுத்திவிடும், தரையில் கிடக்கும் போனை மறந்துவிடும். மூன்று வயதில் பேசிய மழலையை ஐந்து வயதில் அவளே மறந்திருப்பாள்.

நீங்கள் இல்லாவிட்டால் யார் திறப்பார் என்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே ஆள் லீவு போட்டால் நிற்கிற ப்ராஜெக்டை நாம் அபாயம் என்று சொல்வோம்; வீட்டில் அதே அபாயத்தை நாமே கட்டிவைக்கிறோம். டிஸ்க் எங்கே இருக்கிறது, எந்தக் கணக்கில் படங்கள் இருக்கின்றன, பாஸ்வேர்டு எது, இரண்டாம் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகள் எவை என்று ஒரு தாளில் பேனாவால் எழுதி, வீட்டின் முக்கியக் காகிதங்களோடு வையுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைப்பதானால் அந்தச் சாவியும் அதே தாளில். உங்கள் மனைவி, உங்களைக் கேட்காமல், அந்தத் தாளை மட்டும் வைத்து ஒரு படத்தைத் திறந்து காட்டட்டும். முடியாவிட்டால் தாளைத் திருத்துங்கள். கூகுளில் செயல்படாக் கணக்குக்கான ஏற்பாடு இருக்கிறது, நீங்கள் குறித்த மாதங்கள் உள்நுழையாவிட்டால் நீங்கள் சொன்னவருக்குத் தரவைத் தரும். ஆப்பிளில் 2021 டிசம்பரிலிருந்து மரபுத் தொடர்பு என்ற வசதி உண்டு. அணுகல் சாவியும் இறப்புச் சான்றிதழும் காட்டினால் குடும்பத்தார் எடுக்கலாம். இரண்டையும் இன்றே அமைக்கலாம், பத்து நிமிட வேலை. வாரிசுரிமைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுபடும், அதில் நான் கருத்துச் சொல்லத் தகுதியில்லாதவன்.

எல்லாவற்றையும் காத்து வைத்தாலும், பல்லாயிரம் படங்களை எந்த மகளும் உட்கார்ந்து பார்க்க மாட்டாள். மாதக் கடைசியில் மனைவியும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து இருபது படம், இரண்டு வீடியோவைத் தேர்ந்து 'தேர்ந்தவை' என்ற ஃபோல்டரில் நகலெடுங்கள். வருட முடிவில் அவற்றை ஒரு ஆல்பமாக அச்சிடுங்கள். காகிதத்துக்குப் பாஸ்வேர்டும் கிடையாது, சார்ஜரும் வேண்டாம். தேர்ந்தெடுக்கும்போது ஒன்று கண்ணில் படும்: எடுக்கிற ஆள் படத்தில் இருப்பதில்லை. நீங்கள் எடுப்பதால் பல மாதம் அப்பாவே இல்லாத ஆல்பமாக இருக்கும், மனைவி எடுத்தால் அம்மா இருக்க மாட்டாள். வேண்டுமென்றே போனை மற்றவர் கையில் கொடுங்கள். பொது வெளியில் போடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதும் என் வேண்டுகோள். அந்த முகம் அவளுடையது, சம்மதம் சொல்லும் வயது அவளுக்கு இன்னும் வரவில்லை. பிரான்ஸ் 2024 பிப்ரவரியில், குழந்தையின் பட உரிமையைக் காப்பது பெற்றோரின் கடமை என்று சட்டத்திலேயே எழுதியது.

இப்போது உங்கள் நிரம்பிய போன். இடம் காலி செய்வதுதான் அவசரம் என்று தோன்றும், ஆனால் வரிசையில் அது கடைசி. முதலில் அசல் கோப்புகளை லேப்டாப் வழியாக முதல் டிஸ்க்குக்கு இறக்குங்கள். போனில் காட்டும் படங்கள், வீடியோக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். லைவ் போட்டோக்களால் கோப்பு எண்ணிக்கை கூடுதலாக வரும், குறைவாக வந்தால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். பிறகு இரண்டாவது டிஸ்க். பிறகு கிளவுட் ஏற்றம் முழுதும் முடிந்ததா என்று அந்தத் தளத்திலேயே, வேறொரு கணினியில் உள்நுழைந்து பாருங்கள், போன் காட்டும் டிக் குறியை மட்டும் நம்ப வேண்டாம். பழைய, நீளமான வீடியோ இரண்டைத் திறந்து முழுதும் ஓட்டுங்கள். ஒரு வாரம் விடுங்கள். அதற்குப் பிறகு ஆண்ட்ராய்டானால் 'இடத்தைக் காலி செய்', ஐபோனானால் 'சேமிப்பிடத்தைச் சிக்கனப்படுத்து'. கையால் தேர்ந்து நீக்கும் வேலை இரண்டிலும் வேண்டாம். இவ்வளவும் ஒழுங்காக ஓடத் தொடங்கி ஆறு மாதம் ஆனபின்னும் நாஸ் ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள், அப்போது அது உங்கள் நான்காவது பிரதியாக இருக்கும்.